சந்திரகாந்தக் கல் வாங்கியிருக்கும் மகளுக்கு

பினாங்கு,
புரட்டாசி மாதம்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். டப்ளினில் நீ வாங்கிய மோதிரத்தின் படங்களையும் கூடவே கேட்டிருந்த கேள்விகளையும் அம்மா படித்துக் காட்டினாள். அசல் கல்தானா, எந்த விரலில் போடுவது, எந்தக் கிழமை போடுவது, ராசிக்குப் பொருந்துமா என்று கேட்டிருக்கிறாய். கடைசி வரியில், மருத்துவமனையில் இரவுப் பணி முடிந்து அறைக்கு வந்தாலும் தூக்கம் பிடிப்பதில்லை, இந்தக் கல் மனத்தை அமைதிப்படுத்தும் என்று உடன் வேலை செய்யும் பெண் சொன்னாள் என்றும் எழுதியிருக்கிறாய். தொலைபேசியில் பேசினால் பாதியை விட்டுவிடுவேன். அதனால்தான் பட்டறையைச் சாத்திவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

முதலில் கல்லைப் பற்றிச் சொல்கிறேன். நீ எடுத்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். வெண்மையான உடம்பு. உள்ளே ஊசிமுனை அளவில் கறுப்புப் புள்ளிகள். கையைத் திருப்பும்போது நீலம், பச்சை, ஒரு மூலையில் செம்மஞ்சள் என்று பல நிறங்கள் தெறிக்கின்றன. இதை ரெயின்போ மூன்ஸ்டோன், அதாவது வானவில் சந்திரகாந்தம், என்று விற்கிறார்கள். கனிமக் கணக்கில் அது லாப்ரடோரைட். அதுவும் சந்திரகாந்தமும் ஃபெல்ட்ஸ்பார் என்ற ஒரே குடும்பத்துக் கற்கள்தாம், கிளை வேறு. உன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று வருத்தப்படாதே, உலகம் முழுவதும் அந்தப் பெயரில்தான் அது விலைபோகிறது. கண்ணாடியாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான். ஓப்பலைட் என்று வருகிற கண்ணாடியை விளக்குக்கு நேரே பிடித்தால் ஒளி ஆரஞ்சு நிறத்தில் ஊடுருவும். பூதக்கண்ணாடியில் குமிழிகள் தெரியும். உன் கல்லில் அந்தக் குறி எதுவும் எனக்குத் தென்படவில்லை.

சந்திரகாந்தம் என்று நான் சொல்வது வேறு. அதில் பல நிறம் தெறிக்காது. கல்லின் மேல் ஒரே ஒளிதான் மிதக்கும், கையை அசைத்தால் கூடவே நகரும். ஆர்த்தோகிளேஸ், அல்பைட் என்ற இரண்டு ஃபெல்ட்ஸ்பார்களும் சூட்டில் ஒன்றாகக் கலந்திருந்து, மெல்ல ஆறும்போது தனித்தனியாகப் பிரிந்து, நம் ஊர் குவே லாப்பிஸ் பலகாரத்தில் இருப்பதைப் போல அடுக்கடுக்காகப் படிந்துவிடுகின்றன. கண்ணுக்குத் தெரியாத அந்த அடுக்குகளில் பட்டுச் சிதறும் வெளிச்சம்தான் நாம் காணும் நிலவொளி. அடுக்கு மெலிதாக இருந்தால் நீலம், தடித்தால் வெள்ளை. நல்ல நீலத்துக்குப் பேர்போன இடம் இலங்கையின் தென்மேற்குக் கரையில் அம்பலாங்கொடைக்கு அருகே உள்ள மீட்டியாகொட. நம் பக்கத்தில் காங்கேயம். காங்கேயம் என்றால் காளை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அந்த மண்ணிலிருந்து சாம்பலும் பீச் நிறமுமாகச் சந்திரகாந்தம் வருகிறது என்பது கல் தொழில்காரர்களுக்குத் தெரியும். உன் கொள்ளுத்தாத்தா கரூரிலிருந்து கப்பலேறி வந்தவர் என்பதால், அந்தக் கல் கைக்கு வரும்போது எனக்குக் கொஞ்சம் பாசம் கூடுதல்தான்.

சிறு வயதில் பட்டறைத் திண்ணையில் உட்கார்ந்து நீ பார்த்திருப்பாய். சந்திரகாந்தம் கட்ட வந்தால் நான் உடனே இடுக்கியை எடுக்கமாட்டேன். குச்சியின் முனையில் அரக்கை உருக்கிக் கல்லை ஒட்டி, விளக்குக்குக் கீழே நூல் நூலாகத் திருப்புவேன். கும்மட்டமாகத் தேய்த்த கல்லின் உச்சியில் ஒளி வந்து நிற்க வேண்டும். அடுக்குகளின் வாட்டம் பார்க்காமல் வெட்டியிருந்தால் ஒளி ஒரு பக்கமாகச் சரிந்துவிடும். போட்டுக்கொள்பவர் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது, எதிரே நிற்பவர்தான் பார்ப்பார். கல்லின் உள்ளே பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்தால், நடுவில் ஒரு கோடும் அதன் இரு பக்கமும் சிறு கால்களுமாக நுண்ணிய விரிசல்கள் சில கற்களில் தெரியும். கல் ஆய்வாளர்கள் அதற்குப் பூரான் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். வாடிக்கையாளர்கள் அதைக் குறை என்று முகம் சுளிப்பார்கள். எனக்கு அதைக் கண்டால் மகிழ்ச்சி. எந்தக் கண்ணாடியும் அப்படி ஒரு பூரானை உள்ளே வளர்க்க முடியாது.

இனி, போட்டுக்கொள்வது. மோதிரமாகத் தினமும் போடாதே. கல்லின் கடினத்தைச் சொல்லும் மோஸ் அளவுகோலில் வைரம் 10, நீலக்கல் 9, படிகம் 7. சந்திரகாந்தமும் உன் கல்லும் 6, மிஞ்சினால் 6.5. காற்றில் பறக்கிற தூசியில் படிக மணல் கலந்திருக்கிறது. தூசி படிந்த கல்லை உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்தாலே மெல்லிய கீறல் விழும். அப்படி நாளாக நாளாகத் தோல் மங்கிப்போன கற்களை எத்தனையோ பேர் என்னிடம் கொண்டுவந்திருக்கிறார்கள். ஒளி உள்ளேயேதான் இருக்கும், மேலே வர வழியிருக்காது. இன்னொன்று, இந்தக் குடும்பத்துக் கற்களுக்கு இரண்டு திசைகளில் பிளவு ஓடும். மேசை விளிம்பில் சரியான கோணத்தில் ஒரு அடி பட்டால் பிளந்துகொள்ளும். நீயோ வார்டில் நாள் முழுக்கக் கை கழுவுகிறவள், கையுறை மாட்டிக் கழற்றுகிறவள். கல் வைத்த மோதிரம் நோயாளிக்கும் நல்லதில்லை, கல்லுக்கும் நல்லதில்லை.

கழுத்தில் போடு. பதக்கமாகத் தொங்கும்போது இடிபடுவது குறைவு. கொக்கி வைத்துத் தூக்கிக் கட்டாமல், கல்லைச் சுற்றிலும் வெள்ளி விளிம்பை மடக்கிக் கட்டச் சொல். அழுக்கானால் வெதுவெதுப்பான தண்ணீர், மிதமான சோப்பு, மெல்லிய பிரஷ், அது போதும். அல்ட்ராசோனிக் இயந்திரத்திலோ நீராவியிலோ போட்டுச் சுத்தம் செய்து தருகிறேன் என்று கடையில் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடு. பற்றவைக்கும் வேலை வந்தால் கல்லைக் கழற்றிவிட்டுத்தான் நெருப்பைக் காட்ட வேண்டும். கல்லோடு சூடு காட்டுகிறவரிடம் கொடுக்காதே. பௌர்ணமி அன்று ஜன்னலில் வைத்தால் கல்லுக்குச் சக்தி ஏறும் என்று யாரோ சொன்னதாக எழுதியிருந்தாய். வைக்க ஆசைப்பட்டால் வை, கெடுதல் இல்லை. உப்புத் தண்ணீரில் மட்டும் ஊறவைக்காதே, வெள்ளி கறுத்துப்போகும்.

ராசிக்கு வருகிறேன். நம் சாத்திரத்தில் சந்திரனுக்கு உரியது முத்து. முத்து வாங்க முடியாதவர்களுக்கு உபரத்தினமாகச் சந்திரகாந்தத்தைச் சொல்வார்கள். வெள்ளியில் கட்டி, வளர்பிறைத் திங்கட்கிழமையில், சுண்டு விரலில் என்று ஒருவர் சொல்வார், மோதிர விரலில் என்று இன்னொருவர் சொல்வார். சந்திரன் மனத்துக்கும் தாய்க்கும் அதிபதி என்பதால் மனக் கலக்கத்துக்கு இதைப் போடச் சொல்கிறார்கள். ஜூனில் பிறந்தவளுக்கு உரிய கல் என்று கடையில் சொன்னார்களே, அது தனிக் கணக்கு. 1912இல் அமெரிக்க நகை வணிகர் சங்கம் வகுத்த பட்டியலில் முத்தோடு சேர்ந்து இடம்பிடித்தது. நிலவில் மனிதன் இறங்கியதன் நினைவாக 1970இல் புளோரிடா மாநிலம்கூட இதைத் தன் கல்லாக அறிவித்தது, அங்கே இந்தக் கல் விளைவதே இல்லை என்றாலும். இவற்றையெல்லாம் விட எனக்குப் பிடித்தது நம் பழைய கவிஞர்கள் பாடியதுதான்: நிலவு பட்டால் சந்திரகாந்தம் உருகி நீர் கசியும். எந்தக் கல்லும் கசிந்து நான் பார்த்ததில்லை. ஆனாலும் பார்த்துக்கொண்டே இருந்தால் அப்படிப் பாடத் தோன்றும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை குயின் ஸ்திரீட் மகாமாரியம்மன் கோயிலில் பூசையில் வைத்து வாங்கிப் போட்டுக்கொள்கிறவர்களுக்கு நானே கட்டிக் கொடுத்திருக்கிறேன். அந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன். கிரகத்தைக் காட்டிப் பயமுறுத்தி விற்பதைத்தான் என்னால் பொறுக்க முடிவதில்லை. கணவனுக்கு வேலை போன நேரத்தில், பரிகாரக் கல் வாங்குவதற்காகத் தாலிச் சங்கிலியை அடகு வைத்துவிட்டு ஒரு பெண் பட்டறைக்கு வந்தாள். கையில் அடகுச் சீட்டு, முகத்தில் அழுத களை. வீட்டு வாடகைக்கே வழியில்லாதவளை அந்த நிலைக்குத் தள்ளியவர் யாராக இருந்தாலும் அவர் செய்தது பாவம். கல் வேண்டாம், போய்ச் சங்கிலியை மீட்டுக்கொள் அம்மா என்று சொல்லி அனுப்பினேன்.

உனக்கும் அதையேதான் சொல்ல நினைக்கிறேன். இந்தக் கல்லைப் பிடித்துப்போய் வாங்கினாய் என்றால் எனக்குச் சந்தோஷம், ஆசை தீரப் போடு. தூக்கம் வராததற்கு வைத்தியமாக அதை வைத்துக்கொள்ளாதே. நீயே மருத்துவர், தூங்காத நோயாளி உன் எதிரே வந்தால் கல்லைக் கொடுத்தா அனுப்புவாய்? எத்தனை நாளாக இப்படி, சாப்பிடுகிறாயா, யாரோடாவது பேசுகிறாயா என்றுதானே கேட்பாய்? அந்தக் கேள்விகளை உன் மேற்பார்வை மருத்துவரிடமோ அங்கே நீ நம்பும் வேறொரு மருத்துவரிடமோ போய் உட்கார்ந்து பேசு, இந்த வாரமே. வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. அங்கே நள்ளிரவு என்றால் இங்கே விடிந்திருக்கும், நான் எழுந்து தேநீர் போட்டிருப்பேன். எங்களை எழுப்பிவிடுவோம் என்று தயங்காமல் கூப்பிடு. எங்களுக்குச் சுமையாகிவிடுவாய் என்று நீ நினைப்பதுதான் எங்களுக்குச் சுமை.

தீபாவளிக்கு விடுப்புக் கிடைத்தால் மோதிரத்தைக் கையோடு கொண்டுவா. கல்லைக் கழற்றிப் பதக்கமாகக் கட்டித் தருகிறேன். கிடைக்காவிட்டால் அஞ்சலில் அனுப்பாதே, வழியில் அடிபடும். கல்லின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் மில்லிமீட்டரில் அளந்து எழுதினால் வெள்ளிக் கூட்டை இங்கேயே செய்து அனுப்பிவிடுவேன், அங்குள்ள பொற்கொல்லர் கல்லை வைத்து விளிம்பை மடக்கினால் போதும். சங்கிலி 18 அங்குலம் போதுமா, கொஞ்சம் இறக்கமாக வேண்டுமா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா