ஐந்து சைபர் தெரியாததால் தெருவில் நின்ற வண்டி: ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்
மஞ்சக்குப்பத்து வாடிக்கையாளர் ஒருவர்,
கடலூர் – 607001.

பெறுநர்
வாடிக்கையாளர் சேவைத் தலைவர்,
மோட்டார் சைக்கிள் பிரிவு, தலைமை அலுவலகம்.

பொருள்: பாதுகாப்புக் குறியீட்டு அட்டையும் இரண்டாவது சாவியும் தராதது, அதனால் வண்டி முடங்கியது, தேவையில்லாத பாகங்களுக்கு எஸ்டிமேட் போட்டது தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

உங்கள் சென்னை டீலரிடம் 2 வருடத்துக்கு முன் 4 லட்சத்துச் சொச்சம் கொடுத்து ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினேன். வண்டியைப் பற்றி எனக்குக் குறையே இல்லை. அதன் மீட்டரையும், அதைப் பற்றி எனக்கு ஒரு வார்த்தைகூடச் சொல்லாத உங்கள் ஆட்களையும் பற்றியதுதான் இந்தக் கடிதம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரியில் ஒரு நிச்சயதார்த்தம் முடித்துவிட்டு நானும் மனைவியும் திரும்பிக்கொண்டிருந்தோம். தவளக்குப்பத்தில் டீ குடிக்க நிறுத்தினேன். திரும்ப வந்து சாவியைத் திருப்பினால், மீட்டரில் பூட்டுப் படம் போட்டு, அதன் கீழே ஐந்து கட்டங்கள் காலியாக நின்றன. குறியீட்டைப் போடு என்கிறது வண்டி. எந்தக் குறியீடு? செல்ஃப் அடித்தால் சத்தமே இல்லை. சாவியை எடுத்து எடுத்துப் போட்டேன், வேட்டி நுனியால் துடைத்துப் போட்டேன், ஒன்றும் ஆகவில்லை. பட்டுப்புடவையோடு மனைவி ரோட்டோரம் நின்றபடி என்னைப் பார்த்த பார்வைக்கு நஷ்ட ஈடு கேட்க முடியாது, அதனால் விடுகிறேன்.

உங்கள் உதவி எண்ணில் பேசிய தம்பி மரியாதையாகத்தான் பேசினார். "சார், உங்க கோட் கார்டுல 5 இலக்க நம்பர் இருக்கும், அதைப் போடுங்க" என்றார். கார்டே தரவில்லை என்றேன். "அப்போ டீலரைத்தான் கேக்கணும் சார்." டீலருக்கு ஞாயிறு விடுமுறை. சரி என்று ஒரு குட்டி யானை பிடித்து, வண்டியைக் கயிறு கட்டி ஏற்றி, கடலூர் வந்து சேர்ந்தோம். வாடகை 1,800 ரூபாய். ஆல்பேட்டை சோதனைச் சாவடியில் வேறு, புதுச்சேரியிலிருந்து வருகிற வண்டி என்று தார்ப்பாயைத் தூக்கி, சீட்டுக்கு அடியில் பாட்டில் இருக்கிறதா என்று பார்த்தார்கள். அவர்கள் வேலையை அவர்கள் செய்தார்கள், அதில் எனக்கு வருத்தமில்லை.

இந்தக் கார்டு விஷயத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். டெலிவரி எடுத்த அன்று எனக்குத் தந்தது ஒரே ஒரு சாவி. இன்னொரு சாவியும் ஏதோ ஒரு கார்டும் ஒட்டிய உறையில் இருக்கும், ஆர்.சி. வரும்போது சேர்த்து அனுப்புகிறோம் என்றார்கள். ஆர்.சி. வந்தது, உறை வரவில்லை. இரண்டு முறை வாட்ஸ்அப்பில் கேட்டேன். "வரும் சார்" என்று பதில் வந்தது. அதற்கு மேல் நான் துரத்தவில்லை, அது என் சோம்பல். ஆனால் அந்த உறையில் இருப்பது நடுரோட்டில் நின்றால் வண்டியைக் கிளப்புகிற எண் என்று யாராவது சொல்லியிருந்தால், நேரே சென்னைக்குப் போய் உட்கார்ந்து வாங்கி வந்திருப்பேன். நீங்கள் தந்த கையேட்டிலும் தேடிப் பார்த்தேன். குறியீட்டை உங்கள் டீலரிடம் பெற்றுக்கொள்ளவும் என்று ஒரே வரி.

திங்கட்கிழமை டீலரிடம் பேசினேன். வண்டியை 180 கி.மீ. தாண்டிச் சென்னைக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். அவர்கள் ஏற்பாட்டில் ஏற்றி வர 7,500. அன்று மாலையே ஒரு எஸ்டிமேட்டும் வந்தது: இ.சி.யூ. (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டி), மீட்டர், லாக் செட் மூன்றும் மாற்ற 46,700 ரூபாய். வண்டியைக் கண்ணால்கூடப் பார்க்காமல்! ஏன் என்று கேட்டால், "சார், குறியீடு செக்யூரிட்டி விஷயம், போன்ல சொல்லக் கூடாது."

வியாழக்கிழமை எங்கள் தெருக்கோடியில் பட்டறை வைத்திருக்கும் பாய் வந்தார். மீட்டரைப் பார்த்தார், சாவியைப் பார்த்தார். "கம்பெனியில இருந்து வந்த நம்பரை மாத்தியிருக்க மாட்டாங்க. எதுக்கும் அஞ்சு சைபர் போட்டுப் பாருங்க சார்" என்றார். மோட் பட்டனை அழுத்தி ஒவ்வொரு கட்டமாக 0, 0, 0, 0, 0 என்று போட்டேன். பூட்டுப் படம் மறைந்தது. செல்ஃப் அடித்ததும் வண்டி கிளம்பிவிட்டது.

ஐயா, இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வந்தது. போனில் சொல்லக் கூடாத அந்த ரகசியம் ஐந்து சைபர். இரண்டு வருடமாக என் வண்டியைக் காத்துக்கொண்டிருந்த பூட்டும் அதே ஐந்து சைபர்தான். வண்டி திருடுகிறவனுக்கு அது முதலில் தோன்றியிருக்கும். காசு கொடுத்து வாங்கிய எனக்குத் தெரியாது. மாற்றிக்கொள்ளும் வசதி மெனுவிலேயே இருக்கிறது, மாற்றுங்கள் என்று டெலிவரி அன்று ஒரு நிமிடம் செலவழித்துச் சொல்ல ஆளில்லை.

பாய் அதோடு விடவில்லை. என் சாவிக்கொத்தைக் கையில் எடுத்து, இது எதற்கு என்று காரின் சாவியைக் காட்டினார். கார் சாவியிலும் சிப் இருக்கிறது. வண்டியின் சாவித் துவாரத்தைச் சுற்றியுள்ள ஆன்டெனா வளையம் சாவிக்குள் இருக்கும் சிப்பைப் படித்து, அது சரியாக இருந்தால்தான் இன்ஜினைக் கிளப்ப விடும். பக்கத்திலேயே இன்னொரு சிப் தொங்கினால் சில நேரம் எதைப் படிப்பது என்று குழம்பிவிடுமாம். கார் சாவியைக் கழற்றிவிட்டு ஆஃப் செய்து போட்டோம், குறியீடே கேட்கவில்லை. இரண்டையும் ஒரே வளையத்தில் மாட்டியது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்குத் தீர்வு சாவியைக் கழற்றுவதா, 46,700 ரூபாய்க்கு மூன்று பாகம் மாற்றுவதா?

சர்வீஸ் குறியீட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது வேறு எண், டீலரிடம் மட்டும் இருப்பது. புதிய சாவியைப் பதிவது போன்ற வேலைகள் அதற்குப் பின்னால் பூட்டியிருப்பது நியாயம்தான். அது எல்லோருக்கும் திறந்திருந்தால், சரியான சிப் இல்லாமல் இன்ஜினைக் கிளப்ப விடாத இந்த இம்மொபிலைசர் எதற்கு? ஆனால் சர்வீஸ் நேரம் வந்துவிட்டது என்று மீட்டரில் ஒளிரும் ஸ்பேனர் விளக்கை, ஆயில் மாற்றியதும் அணைப்பதையும் அதே பூட்டுக்குள் வைத்திருக்கிறீர்களே, அதில் என்ன பாதுகாப்பு? வாரண்டி முடிந்த பிறகு நீங்கள் சொன்ன அதே கிரேடு ஆயிலை வாங்கி இங்கேயே மாற்றினேன். ஸ்பேனர் இன்னும் எரிகிறது. அதை அணைக்க மட்டும் சென்னைக்கு வர வேண்டுமாம்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(11), நுகர்வோருக்குத் தர வேண்டிய தகவலை வேண்டுமென்றே தராமல் வைத்திருப்பதையும் சேவைக் குறைபாடு என்றே சொல்கிறது. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் தொடங்கிய பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தில் வாகனத் துறையும் ஒன்று. இதெல்லாம் உங்கள் சட்டப் பிரிவுக்குத் தெரிந்ததுதான்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. என் இரண்டாவது சாவியும் கார்டும் உள்ள உறை, ஒட்டியது பிரியாமல், என் வீட்டுக்கு வர வேண்டும். பிரித்திருந்தால் யார் பிரித்தார்கள் என்று எழுத்தில் வேண்டும். குட்டி யானை வாடகை 1,800 ரூபாய் திரும்ப வேண்டும். வண்டியைப் பார்க்காமல் எஸ்டிமேட் போட்டது எப்படி என்று டீலர் விளக்கம் தர வேண்டும். ஸ்பேனர் விளக்கை உரிமையாளரே அணைக்க வழி செய்யுங்கள். அப்புறம், இதே மாடலை வாங்கிய எல்லோருக்கும், குறியீடு இன்னும் ஐந்து சைபராக இருந்தால் இன்றே மாற்றுங்கள் என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள். எனக்கு நீங்கள் எதுவும் தராவிட்டாலும் இதையாவது செய்யுங்கள்.

15 நாளில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்துவிட்டு, கடலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். டீலர் சென்னையில் இருந்தாலும் நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடச் சட்டம் இடம் தருகிறது. 5 லட்சம் வரை மதிப்புள்ள பொருளுக்குக் கட்டணமும் கிடையாது.

இப்படிக்கு,
கடலூர் வாடிக்கையாளர்

இணைப்பு: வண்டி வாங்கிய ரசீது, டீலரின் எஸ்டிமேட், வாட்ஸ்அப் உரையாடல், குட்டி யானை வாடகைச் சீட்டு.

பி.கு.: இதை அனுப்பும் முன் குறியீட்டை மாற்றிவிட்டேன். பழைய எண்ணைப் போட்டால்தான் புதிய எண்ணை ஏற்கும் என்று மெனு கேட்டது. பாய் சொல்லியிராவிட்டால் அதற்கும் சென்னைக்குத்தான் வந்திருக்க வேண்டும்.