ஜனவரிக்குள் சொந்தச் செலவில் புத்தகம் போட நினைப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள எழுத்தாளர்களே,

சென்னைப் புத்தகக் காட்சிக்குள் நூலைக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று டிசம்பரில் ஓடிவருகிறீர்கள். அச்சகங்கள் நாட்காட்டியிலும் டைரியிலும் மூழ்கியிருக்கும் மாதம் அது. காகித விலை விசாரிக்கும் முன், உங்கள் கணினியில் இருக்கும் கோப்பைத் திறந்து பாருங்கள்.

‘கௌரவம்’ என்று தேடுங்கள். கண்ணுக்குத் தெரியும் சொல் தேடலில் சிக்கவில்லையென்றால், ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பும் ‘ள’வும் தட்டியிருக்கிறீர்கள். ‘ஔவை’யும் இப்படித்தான், ஒ, ள என்று இரண்டாகக் கிடக்கும். துணைக்காலுக்குப் பதில் ‘ர’ நுழைவது இதைவிட மோசம். மெய்ப்புப் பார்ப்பவர் கண்ணுக்கே தப்பிவிடும். பாமினி போன்ற பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிய கோப்பென்றால் ஸ்ரீ, க்ஷ, மேற்கோள்குறி எல்லாவற்றையும் தனித்தனியே சரிபாருங்கள்.

வடிவமைப்பவர் எந்த மென்பொருளில் வேலை செய்கிறார் என்று முதல் நாளே கேளுங்கள். பழைய வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தெரியாது. அதில் செய்தால் உங்கள் உரை பழைய எழுத்துருவுக்குத் திரும்பும், மின்னூலுக்கு மறுபடி மாற்ற வேண்டும், திருத்திய பிழைகளும் திரும்பி வரும். இன்டிசைன் மென்பொருளில் ‘வேர்ல்ட்-ரெடி காம்போஸர்’ என்ற அமைப்பு தேர்வாகியிருக்க வேண்டும். இல்லையென்றால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும்.

மெய்ப்பு இரண்டு முறை லேஅவுட்டுக்கு முன், ஒரு முறை அதற்குப் பின் தாளில் எடுத்து. லேஅவுட் முடிந்த பிறகு ஒரு பத்தி சேர்த்தாலும் பக்கங்கள் நகரும், பொருளடக்கம் பொய்யாகும். புதிதாக ஏதாவது தோன்றினால் அடுத்த பதிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆஃப்செட் அச்சில் 16 பக்கம் ஒரு ஃபாரம், அதாவது ஒன்றாக அச்சாகி மடிக்கப்படும் தொகுதி. 163 பக்கம் வந்தால் 176க்கு இழுத்து 13 வெற்றுப் பக்கம் விடுவதைவிட, மூன்று பக்கம் குறைத்து 160இல் நிறுத்துவது நல்லது. பக்க எண்ணிக்கையும் தாளும் முடிவாகாமல் அட்டையைச் செய்யாதீர்கள். 160 பக்கம் என்றால் 80 தாள். தாளின் தடிமன் 0.1 மி.மீ. என்றால் முதுகு 8 மி.மீ. கடைசி நேரத்தில் மேப்லித்தோ என்ற வழக்கமான வெள்ளைத் தாளை விட்டுப் பருமனான இளமஞ்சள் தாளுக்கு மாறினால் முதுகு தடித்து, அதில் இருக்க வேண்டிய தலைப்பு ஓரத்துக்கு நழுவும். ஓரம் வெட்டுவதற்காக அட்டையைச் சுற்றி 3 மி.மீ. கூடுதல் விடுங்கள். உள்ளே எழுத்து தனிக் கறுப்பில் மட்டும் இருக்கட்டும். நான்கு வண்ணம் கலந்த கறுப்பில் நிழல் விழும்.

படிகளின் எண்ணிக்கையில்தான் ஆசை கண்ணை மறைக்கிறது. ஆஃப்செட்டில் அதிகம் அடித்தால் ஒரு படியின் அடக்க விலை குறையும், உண்மை. விற்காத படி கட்டிலுக்கு அடியில் இருக்கும், அதுவும் உண்மை. முதலில் டிஜிட்டல் அச்சில் 50 அல்லது 100 படி போதும். விலை 200 ரூபாய் வைத்துக் கடைக்கு 40 சதவீதம் கழிவு கொடுத்தால் உங்கள் கைக்கு 120. அச்சுக்கு 70 போனால் மிச்சம் 50. வடிவமைப்பு, அஞ்சல், கசங்கித் திரும்பும் படிகள் எல்லாம் அதற்குள்தான். அரசு நூலகங்கள் வாங்கும் நூலக ஆணையை நம்பி யாரும் கணக்குப் போட வேண்டாம்.

நூலை அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண்ணுக்கு யாருக்கும் காசு கொடுக்காதீர்கள். ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இணையத்திலேயே இலவசமாகத் தருகிறது, ஆசிரியரே விண்ணப்பிக்கலாம். மொத்தமாகப் பணம் வாங்கிப் புத்தகம் போட்டுத் தரும் ‘பேக்கேஜ்’ நிறுவனத்தின் எண்ணை வாங்கினால் பதிப்பாளர் என்று பதிவாவது அவர்கள் பெயர். அச்சுக்கான பிடிஎஃப் மட்டுமல்ல, லேஅவுட் மூலக்கோப்பும் உங்களுக்கு வரும் என்று எழுதி வாங்குங்கள்.

அமேசானின் மின்னூல் கடையான கிண்டிலில் இந்திய விற்பனைக்கு 70 சதவீத ராயல்டி வேண்டுமென்றால் ‘கேடிபி செலக்ட்’ திட்டத்தில் சேர வேண்டும், 90 நாள் அந்த மின்னூல் வேறு எங்கும் இருக்கக் கூடாது. சேராவிட்டால் 35.

1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட மற்ற மூன்று நூலகங்களுக்கும் உங்கள் செலவில் ஒவ்வொரு படி அனுப்ப வேண்டும். அந்த நான்கை விற்பனைக் கணக்கில் சேர்க்காமல் அச்சாகி வரும் முதல் படிகளிலிருந்தே எடுத்துவையுங்கள்.

இப்படிக்கு,
புத்தகக் கோப்புகளோடு மல்லுக்கட்டுபவர்கள்