பெயர் தெரியாத அந்த அக்காவுக்கு நன்றி

என்னை அடித்துக்கொண்டிருந்தவரை விட்டு வந்து 11 நாள் ஆகியிருந்தது. போன் அதிர்ந்தாலே கை நடுங்கும். ஆனாலும் அவர் மெசேஜுக்குத்தான் மனசு ஏங்கும். அந்த வெட்கத்தை முதலில் சொன்னது உதவி எண்ணில் பேசிய உங்களிடம்தான், அக்கா.

"அடியும் அணைப்பும் மாறி மாறி வந்தா மனசு அப்படித்தான்மா கட்டுப்பட்டுப் போகும். உன் தப்பு இல்ல" என்றீர்கள். நினைவுக்கு வருவதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதச் சொன்னீர்கள். "நான் அப்படிச் சொல்லவே இல்ல, உனக்குத்தான் புத்தி பிசகிடுச்சு" என்று அவர் சொல்லக் கேட்டுக் கேட்டே என் நினைவை நானே நம்பாமல் போயிருந்தேன். திரும்பிப் போகத் துடித்த ராத்திரிகளில் அந்த நோட்டைத்தான் திறந்தேன். பாதி எழுத்து கண்ணீரில் கரைந்து கிடக்கிறது.

நேற்று சாப்பிடும்போது போன் அதிர்ந்தது. சாப்பிட்டு, கை கழுவி, அப்புறம்தான் எடுத்தேன். இதை உங்களிடம் சொல்லணும்போல இருந்தது, அக்கா.