தேயிலைக் கப்பலும் மூன்று சென்ட் நிலமும்

லண்டன்,
மார்கழி மாதம்.

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். அங்கு அனைவரின் நலமறிய ஆவல். பாப்பா கையால் எழுதி அனுப்பிய கடிதமும் தேயிலைத் தூள் பொட்டலமும் வந்து சேர்ந்து நாளாயிற்று. பதில் போடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். போனில் பேசினால் நீங்கள் அழுகிறீர்கள், அத்தான் பக்கத்தில் நின்று வட்டிக் கணக்குச் சொல்கிறார். கடிதம்தான் நிதானம். பாப்பாவின் கையெழுத்து நன்றாகத் தேறியிருக்கிறது. 'ழ' மட்டும் இன்னும் குப்புற விழுகிறது, அக்காவைக் கவனிக்கச் சொல்லுங்கள்.

தூளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அதில் பாதி ஒரு கப்பலுக்குப் போய்விட்டது. திட்டாமல் முழுக்கப் படியுங்கள்.

இங்கே குளிர் நம் குளிர் அல்ல. கோத்தகிரியில் தை மாதம் பள்ளத்துப் புல்லில் உறைபனி வெள்ளையாகக் கிடந்தாலும் ஒன்பது மணிக்கு வெயில் வந்து துடைத்துவிடும். இங்கே பிற்பகல் நாலு மணிக்கே இருட்டு. ஈரம் சுவரிலேயே குடியிருக்கிறது. அறையில் ஹீட்டர் உண்டு. கார்டில் பணம் ஏற்றினால் ஓடும். எனக்கு அவ்வளவு சூடு ஒத்துக்கொள்வதில்லை, ஆகவே பெரும்பாலும் அணைத்தே வைக்கிறேன். கீழ்வீட்டுக் கிழவர் அறையில் எப்போதும் சூடு இருக்கும். ஒருவருக்கு ஓடுகிற ஹீட்டரில் இரண்டு பேர் உட்கார்ந்தால் என்ன நஷ்டம்? அப்படித்தான் கப்பல் வேலையில் சேர்ந்தேன்.

கிழவர் தேம்ஸ் ஆற்றில் இழுவைப் படகு ஓட்டி ஓய்வு பெற்றவர். காலையில் ரொட்டியைக் கருகச் சுட்டு, கறுப்பாக, உப்புக் கரிக்கும் ஏதோ ஒன்றைத் தடவித் தின்பார். இரவில் பின்கதவைத் திறந்து நரிக்குச் சாப்பாடு வைப்பார். லண்டனில் நாயைவிட நரிதான் தெருவில் சுதந்திரமாகத் திரிகிறது. நம் தோட்டத்து லயத்து வீடுகளுக்குப் பின்னால் கரடி வந்தால் விரட்டுவதற்குத் தகரத்தைத் தட்டுவோம். இவர் நரி வரவில்லையென்றால் தட்டைத் தட்டி அழைக்கிறார்.

என் பெயர் அவர் வாயில் நுழையவில்லை. என் அம்மா இலங்கையில் பிறந்தவர் என்று ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னேன். அன்றிலிருந்து 'சிலோன்' என்றே கூப்பிடுகிறார். கோத்தகிரிப் பள்ளிக்கூடத்தில் 'சிலோன்காரன்' என்று கூப்பிட்ட பையன்களோடு மல்லுக்கட்டி, சட்டையைக் கிழித்துக்கொண்டு வந்து உங்களிடம் அடி வாங்கினேனே, அதே பெயர் எனக்கு முன்னால் லண்டனுக்கு வந்து காத்திருந்திருக்கிறது. இவரிடம் நான் சண்டைக்குப் போகவில்லை. ஹீட்டர் அவருடையது.

அவர் அலமாரியில் ஒரு பெட்டி கிடந்தது. கட்டி சார்க் என்ற பாய்மரக் கப்பலை மரத்தில் செய்வதற்கு வேண்டிய பலகை, பட்டை, நூல், பித்தளைச் சாமான், வரைபடம் எல்லாம் உள்ளே. ஓய்வு பெற்றதும் ஆசையாக வாங்கியிருக்கிறார். பிரிப்பதற்குள் கை நடுக்கம் வந்துவிட்டது. கண்ணில் ஒரு குறையும் இல்லை, கைதான் சொன்னபடி கேட்பதில்லை. ஆகவே சொல்வது அவர், செய்வது நான். பொம்மைதானே என்று நினைக்காதீர்கள். முடிந்தால் ஒரு மீட்டர் நீளம் வரும்.

நடுவில் நீளமாக ஒரு பலகை. அதில் குறுக்குச் சட்டங்களை வரிசையாகச் செருக வேண்டும். மேலே ஒட்டப்போகும் பட்டை எந்தச் சட்டத்திலும் எழும்பாமல் படியும்வரை ஓரங்களை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். கிழவர் ஒரு பட்டையை வளைத்துப் பிடிக்கச் சொல்லி, அடியில் எங்கே வெளிச்சம் தெரிகிறது என்று பார்த்து, 'மறுபடியும்' என்பார். பாராட்டு என்று அவர் வாயிலிருந்து எதுவும் வராது. 'மறுபடியும்' வராவிட்டால் சரியாகிவிட்டது என்று அர்த்தம். பிறகு பட்டைகளை வெந்நீரில் ஊறவைத்து, வளைத்து, ஊசி குத்தி நிறுத்தி, காய்ந்தபின் ஒட்ட வேண்டும். கப்பலுக்கு வயிறு அகலம், மூக்கு ஒடுக்கம். ஒவ்வொரு பட்டையையும் மூக்குப் பக்கம் சீவி ஒடுக்காவிட்டால் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். இப்படி இரண்டு அடுக்கு. முதல் அடுக்கில் சந்து விழுந்தால் பட்டி பூசித் தேய்த்துவிடலாம்; வெளியே தெரிவது மேலே ஒட்டும் வால்நட் அடுக்குதான். மேனேஜர் வருகிறார் என்றால் லயத்துக்கு வெள்ளையடிப்பார்களே, அந்தக் கணக்கு. தண்ணீருக்குள் இருக்கும் பாகத்துக்குச் சிறு சிறு செம்புத் தகடுகள். அசல் கப்பலிலும் செம்பும் துத்தநாகமும் கலந்த தகடுதான், மரத்தைப் புழு துளைக்காமல் இருக்க.

இது எந்தக் கப்பல் தெரியுமா? தேயிலைக் கப்பல். சீனாவிலிருந்து லண்டனுக்குத் தேயிலை கொண்டுவருவதற்கென்றே 1869-இல் ஸ்காட்லாந்தில் கட்டியது. நவம்பர் 22-ஆம் தேதி தண்ணீரில் இறக்கினார்கள். அதற்கு ஐந்து நாள் முன்னால், 17-ஆம் தேதி, சூயஸ் கால்வாயைத் திறந்துவிட்டார்கள்! நீராவிக் கப்பல்கள் குறுக்கு வழியில் வரத் தொடங்கின; காற்றை நம்பிய இது ஆப்பிரிக்காவைச் சுற்றித்தான் வர வேண்டும். சில வருடங்களிலேயே தேயிலையை விட்டுவிட்டு ஆஸ்திரேலியாவுக்குக் கம்பளி ஏற்றப் போய்விட்டது. நல்ல நேரம் பார்க்காமல் இறக்கியிருக்கிறார்கள் என்று நீங்கள் சொல்வீர்கள்.

முதல் பயணத்தில் 13 லட்சம் பவுண்டு தேயிலை வந்ததாம். கிலோவில் ஆறு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. நாலு கிலோ பச்சை இலைக்கு ஒரு கிலோ தூள் என்று அப்பா சொல்லும் கணக்கில் பார்த்தால் இருபத்து மூன்று லட்சம் கிலோ கொழுந்துக்கு மேல். அது எத்தனை பேர் முதுகுக் கூடை என்று கிழவரிடம் கேட்டேன். அந்தக் கணக்கை அவர் போட்டதே இல்லையாம். கப்பல் எத்தனை நாளில் வந்தது என்பதுதான் இங்கே எல்லோருக்கும் மனப்பாடம். 1872-இல் தெர்மோபிலே என்ற கப்பலோடு ஓடிய போட்டியில் சுக்கான் பறிபோய், ஒரு வாரம் பிந்தி வந்ததற்கு இன்றைக்கும் துக்கம் காக்கிறார் மனிதர்.

அசல் கப்பல் பக்கத்தில் கிரீனிச்சில்தான் நிற்கிறது. 2007-இல் பழுதுபார்க்கும்போது தீப்பிடித்து, 2012-இல் மறுபடி திறந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தே போனேன்; நடப்பது உடம்புக்கு நல்லது. உள்ளே போக டிக்கெட் உண்டு. ஆனால் பாய்மரமும் கயிறும் வெளியிலிருந்து பார்த்தால்தான் முழுதாகத் தெரியும் என்பதால் வெளியிலேயே நின்றுவிட்டேன். 11 மைல் கயிறாம். கோத்தகிரியில் ஒரு முனையைக் கட்டிவிட்டுப் போனால் குன்னூரை நெருங்கிவிடலாம்.

இப்போது என் வேலை அந்தக் கயிறுதான். பாய்மரத்தின் இரு பக்கமும் கீழிருந்து மேலே ஒடுங்கிப் போகும் கயிறுகளின் குறுக்கே, மாலுமிகள் ஏறுவதற்குப் படிபோலக் கட்ட வேண்டும். அசலில் படிக்குப் படி ஓரடிக்குச் சற்று மேல் என்றால் எங்கள் கப்பலில் நாலைந்து மில்லிமீட்டர். பின்னால் கோடு போட்ட அட்டையை வைத்து, தேன்மெழுகில் இழுத்த நூலை இடுக்கியால் பிடித்து, ஒவ்வொரு குறுக்கிலும் முடிச்சு. இறுக்கினால் நெடுங்கயிறு உள்வாங்கி இடுப்பு ஒடுங்கிவிடும், தளர்த்தினால் படி தொங்கும். கொழுந்தைக் கிள்ளும்போது உங்கள் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கண்ணைக் கேட்காமலே வேலை செய்யுமே, அந்த விரல் எனக்கு வந்திருக்கிறது போலிருக்கிறது. கிழவர் இதுவரை ஒரு முடிச்சுக்குக்கூட 'மறுபடியும்' சொல்லவில்லை.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒரு குறையும் இல்லை. வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் மீந்த சூப்பும் ரொட்டியும் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். லூயிஷாமில் யாழ்ப்பாணத்துக்காரர் கடை இருக்கிறது. தேங்காய்ச் சம்பல் டப்பாவில் விற்கிறார். ஒருமுறை வாங்கினேன். உங்கள் கட்டச்சம்பல் மிளகாய் இடிக்கும்போதே மூக்கில் ஏறும். இது வாய்க்குள் போன பிறகும் சாதுவாக இருக்கிறது.

இனி தூள் விஷயம். பாய்த்துணி பளிச்சென்று வெள்ளையாக இருந்தால் கப்பல் பொம்மையாகத்தான் தெரியும். ஆகவே தேயிலைச் சாயம் ஏற்ற வேண்டும் என்றார் கிழவர். துணியைச் சோப்புப் போட்டுக் கஞ்சி போக அலசி, அவர் குடிக்கும் பைத் தேயிலையில் ஒரு துண்டை ஊறவைத்தோம். காய்ந்ததும் பார்த்தால் நோயாளி முகம். மாடிக்குப் போய் உங்கள் டஸ்ட் தூளை எடுத்துவந்து, கை நிறையப் போட்டுக் கொதிக்கவிட்டேன். இரண்டே நிமிடத்தில் தண்ணீர் செங்கல் நிறத்துக்கு வந்து, கறுத்தது. வடிகட்டி, ஆறவைத்து, துணியைப் பிழியாமல் தொங்கவிட வேண்டும். பிழிந்தால் கோடு கோடாய்ச் சாயம் நிற்கும். ஈரத்தில் இருப்பதைவிடக் காய்ந்தபின் இரண்டு மடங்கு வெளிறும் என்பதால் துணிந்து விட வேண்டும். நம் தூள் விட்டுக்கொடுக்கவில்லை.

கொதிக்கும்போது அறை முழுக்க அந்த வாசனை ஏறியது. அப்பா இரவு ஷிப்ட் முடிந்து, தேயிலை காய்ச்சும் டிரையர் பக்கத்திலிருந்து வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவாரே, அந்தச் சட்டை. நான் பாத்திரத்தைப் பார்த்தபடி நின்றுவிட்டேன். பொங்கி அடுப்பில் வழிவதாகக் கிழவர் கத்தினாராம், காதில் விழவில்லை. ஊருக்கு வந்துவிட வேண்டும் போலிருக்கிறது அம்மா. எழுதிவிட்டேன், அடிக்க மனமில்லை. தம்பிக்கு இந்த இடத்தை வாசித்துக் காட்ட வேண்டாம்.

நம் வீட்டில் இன்று கப்பல் ஏறியவர் என்று இருப்பது நீங்கள் ஒருவர்தான். நான் விமானத்தில் தூங்கிக்கொண்டே வந்தேன். இலங்கைத் தோட்டத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப 1964-இல் இரு நாட்டுப் பிரதமர்களும் டெல்லியில் போட்ட கையெழுத்துக்காக, இலங்கை மலையில் அட்டனில் பாட்டி கோழிகளை அடுத்த லயத்தில் கொடுத்துவிட்டு, உங்களை இடுப்பில் தூக்கிக்கொண்டு தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல் ஏறியதாக மட்டும் தெரியும். ராமேஸ்வரத்தில் இறங்கியதும் முதலில் என்ன சாப்பிட்டீர்கள்? மண்டபம் முகாமில் எப்படிப் படுத்தீர்கள்? மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ஏறும்போது, அட்டன் வந்துவிட்டது என்று நீங்கள் கைதட்டினீர்களாமே, உண்மையா? பாப்பாவை உட்காரவைத்துச் சொல்லுங்கள், அவள் எழுதி அனுப்பட்டும்.

சரி, வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். சித்திரையில் உங்களுக்கு ஓய்வு. அதற்குப் பிறகு லயத்தை விட்டுத் தருவதற்கு எவ்வளவு நாள் அவகாசம் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்ப் பேச்சு வேண்டாம். பணிக்கொடையும் பி.எஃப். பணமும் உங்கள் பெயரிலேயே வங்கியில் இருக்கட்டும். பெரியப்பா வியாபாரத்துக்குக் கைமாற்றாகக் கேட்பார். கொடுக்காதீர்கள்.

தம்பி, இது உனக்கு. கட்டபெட்டுக்குக் கீழே நீ பார்த்து வைத்திருக்கும் மூன்று சென்ட் நிலம் எனக்குச் சரியாகப் படவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பின்னால் மேட்டைச் செங்குத்தாக வெட்டியிருக்கிறார்கள், தடுப்புச் சுவர் இல்லை. முன்னால் புதுமண் கொட்டிச் சமன் செய்த இடம் பழைய ஓடைபோலத் தெரிகிறது. 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து நாற்பது பேருக்கு மேல் செத்ததை நீயும்தான் பார்த்தாய். அவற்றில் எத்தனை வீடுகள் இப்படி மேட்டை வெட்டியும் ஓடையை மூடியும் கட்டியவை என்று மேஸ்திரி மாமாவைக் கேள். தை பிறப்பதற்குள் முன்பணம் என்று தரகர் அவசரப்படுத்தினால், வேறு ஆள் வாங்கிக்கொள்ளட்டும் என்று சொல். முப்பது வருடத்துக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூட நகரக் கூடாது. வீடு கட்ட அனுமதி கிடைக்கும் இடமா என்பதையும் விசாரி.

என் பங்கைத் தையில் அனுப்புவதாகச் சொல்லியிருந்தேன். நிலம் எப்படியும் உடனே முடியாது என்பதால் பங்குனிக்குத் தள்ளிக்கொள்ளலாம். இங்கே வேலை நேரத்தைச் சற்றுக் குறைத்திருக்கிறார்கள், எல்லோருக்கும்தான், கவலைப்பட ஒன்றுமில்லை. அத்தானிடம் மாசி வரை வட்டியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள் அம்மா; நீங்கள் சொன்னால் கேட்பார். அதற்காக அக்கா வளையலை அடகு வைக்க வேண்டாம். அப்பாவின் திதிக்குப் போன வருடம் சமைத்த அளவே போதும், எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள்.

தாலுகா அலுவலகத்தில் மனு கொடுக்கப் பாட்டியின் பழைய பாஸ்போர்ட்டும் முகாமில் கொடுத்த குடும்ப அட்டையும் வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். தகரப் பெட்டியில், என் பள்ளிச் சான்றிதழ்களுக்கு அடியில், மஞ்சள் பைக்குள் இருக்கின்றன. ஜான்சன் சதுக்கத்தில் இரண்டு செட் ஜெராக்ஸ் எடுத்து அதை மட்டும் தம்பி கொடுக்கட்டும். அசலை யார் கேட்டாலும் காட்டலாம், கொடுக்கக் கூடாது.

பாப்பாவுக்கு முத்தம்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்.

பி.கு: தம்பி, கட்டபெட்டு நிலத்தை வெயில் நாளில் போய்ப் பார்த்திருக்கிறாய். அடுத்த மழைக்குக் குடையோடு போய் ஒரு மணி நேரம் நின்று, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று எனக்கு எழுது.