இரண்டு டீச்சர் பள்ளியை மூடச் சொல்லாதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மலையில் பிள்ளைகள் குறைந்த தொடக்கப் பள்ளிகளைப் பெரிய பள்ளிகளோடு இணைத்துவிடலாம் என்று உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹட்டியிலிருந்து, அதாவது படகர் ஊரிலிருந்து, எழுதுகிறேன். எங்கள் ஊருக்குக் கீழே உள்ள அரசு உதவி பெறும் கிறிஸ்தவப் பள்ளியில் என் மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். ஐந்து வகுப்புக்கு இரண்டு டீச்சர் என்றால் அங்கே என்ன படிப்பு நடக்கும் என்று கட்டுரையில் கேட்டிருந்தீர்கள். நன்றாகவே நடக்கிறது.

60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர் என்பது 2009 கல்வி உரிமைச் சட்டம் போட்ட கணக்கு. அதனால் ஒரே அறையில் இரண்டு மூன்று வகுப்பு உட்காரத்தான் செய்யும். பெரிய பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிப்பதைக் கேட்டுக் கேட்டே என் மகளுக்குப் பாதி வந்துவிட்டது, இப்போது அவள் ஒன்றாம் வகுப்புக் குழந்தையின் கையைப் பிடித்து எழுத வைக்கிறாள், அப்படிச் சொல்லிக்கொடுக்கும்போது அவளுக்கும் பாடம் நன்றாகப் பதிகிறது. அரசே 2022-ல் கொண்டுவந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அவரவருக்குத் தெரிந்த அளவை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்றுதானே பிரித்தார்கள்?

இன்னொன்று, எங்கள் வீட்டில் பேசுவது படகர்களின் மொழியான படகு. தேயிலை எஸ்டேட் லைன் வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகளுக்குத் தமிழ்தான் வீட்டு மொழி. ஒன்றாம் வகுப்பில் என் மகள் வாயே திறக்கவில்லை. டீச்சர் அவளைப் படகு மொழியிலேயே பதில் சொல்ல விட்டார், பக்கத்தில் எங்கள் ஹட்டியைச் சேர்ந்த நான்காம் வகுப்புப் பெண்ணை உட்கார வைத்தார், பொங்கலுக்குள் தமிழில் கதை சொல்ல ஆரம்பித்துவிட்டாள். கூட்டம் நிறைந்த பள்ளியில் இதற்கெல்லாம் யாருக்கு நேரம்?

மதம் பற்றியும் கேட்கிறார்கள். நாங்கள் இந்துக்கள். காலையில் ஜெபம் உண்டு, பாட்டு உண்டு. மறைக்கல்வி நேரத்தில் எங்கள் பிள்ளைகளுக்கு நன்னெறி வகுப்பு. பெற்றோர் சம்மதமின்றி மதபோதனையில் உட்கார வைக்கக்கூடாது என்று அரசியலமைப்பின் 28(3) பிரிவே சொல்கிறது, இங்கே அதைக் கேட்டு வாங்க வேண்டிய நிலை வந்ததில்லை. கிறிஸ்துமஸ் நாடகத்தில் மேய்ப்பனாக நின்றவள்தான் எங்கள் படகர் தெய்வமான ஹெத்தையம்மன் பண்டிகைக்கு வெள்ளை உடுத்திக்கொண்டு எங்களோடு வந்தாள். பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பினர் நீலகிரியின் கேத்தியில் 1840களிலேயே படகர் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தியவர்கள், இந்தப் பழக்கம் எங்களுக்குப் புதிதல்ல.

2024 ஜூலை 15 முதல் ஊரகப் பகுதி உதவி பெறும் பள்ளிகளுக்கும் காலை உணவு வந்தது. விடிந்ததும் கொழுந்து பறிக்கப் போகிற அம்மாக்களுக்கு அது எவ்வளவு நிம்மதி! அதற்குமுன் வெறும் டீயோடு வந்த பிள்ளைகள் உண்டு.

சரி, இணைத்தே ஆகவேண்டும் என்றால் எங்கள் வழியை முதலில் பாருங்கள். தேயிலைத் தோட்டத்துக்குள்ளே போகும் பாதை, காட்டெருமை பகலிலேயே நிற்கும், கரடியும் வரும். ஜூலை மழையில் ஆறு வயதுப் பிள்ளை அதில் எப்படி நடக்கும்? வேன் விடுவோம் என்று வாயால் சொன்னால் போதாது. மண் சரிந்த நாளிலும் ஹட்டி வரை வந்து ஏற்றிக்கொள்ளும் வேனை, கூட வர ஒரு ஆளோடு முதலில் ஓட்டிக் காட்டட்டும், ஒரு மழைக்காலம் முழுக்க ஓடட்டும். அதன் பிறகு பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் தாய்,
கோத்தகிரி வட்டம், நீலகிரி