மதிப்பெண் போடும் முன் மக்களிடம் போட்டுக் காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரி மாணவர்கள் எடுக்கும் ஆல்பம் பாடல்களை, அதாவது சினிமாவைச் சேராத தனி இசை வீடியோக்களைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பிள்ளைகளின் உழைப்பை மனம்விட்டுப் பாராட்டியிருந்தீர்கள். ஆனால் எந்தப் பாட்டை எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கோடு கட்டுரை நின்றுவிட்டது. விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) மாணவர்களுக்கு எடிட்டிங் சொல்லிக்கொடுக்கிறவன் என்ற முறையில், கட்டுரை விட்ட இடத்திலிருந்து எழுத வேண்டும் போலிருந்தது. பார்த்தவர்கள் என்ன சொன்னார்கள்? அதைக் கேட்டு மாணவர்கள் எதை மாற்றினார்கள்? எங்கள் துறையில் படிப்பு நடப்பதே அங்கேதான்.

நான் பார்த்த வரையில் நடைமுறை இதுதான். கடைசி செமஸ்டரில் குழுவாகச் சேர்ந்து ஒரு பாட்டு எடுப்பார்கள். இரவல் கேமரா, சொந்தக்காரர் வீட்டு மாடி, சாப்பாட்டுக்கு ஆளுக்குக் கொஞ்சம் காசு. எடிட் முடித்து, டைட்டில் ஒட்டி, வாய்மொழித் தேர்வான வைவா அன்று இரண்டு எக்ஸாமினர்கள் முன்னால் ஓட்டுவார்கள். மதிப்பெண் விழுந்த பிறகுதான் யூடியூபில் ஏறும். அதன்பின் யார் என்ன சொன்னாலும் ஒரு ஷாட்கூட மாறப்போவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மாணவர்கள் தூத்துக்குடி உப்பளத்தை வைத்து ஒரு பாட்டு எடுத்தார்கள். பாட்டும் அவர்களே எழுதி மெட்டமைத்தது. அதில் ஒரு ஸ்லோமோஷன் ஷாட். நொடிக்கு 48 ஃப்ரேமில் எடுக்கும்போது பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, நடிக்கிற பெண்ணை அந்த வேகத்துக்கே வாயசைக்க வைத்தார்கள். அதை நொடிக்கு 24 ஃப்ரேமில் ஓட்டியபோது உடல் மிதக்கிறது, உதடு மட்டும் பாட்டோடு இம்மி பிசகாமல் ஒட்டி நிற்கிறது. லேபில் எல்லாரும் கைதட்டினோம். நண்பர்களும் "வேற லெவல்டா" என்றுதான் சொன்னார்கள்.

எடிட்டை லாக் செய்யும் முன், அதாவது இனி மாற்றமில்லை என்று முடிக்கும் முன், அந்த உப்பளத்திலேயே வேலை பார்க்கும் பெண்களிடம் ஒரு லேப்டாப்பில் போட்டுக் காட்டச் சொன்னேன். அந்த ஸ்லோமோஷன் ஷாட் வந்ததும் அவர்கள் சிரித்துவிட்டார்கள். பாட்டில் அது அழ வேண்டிய இடம். படம் முடிந்ததும் ஒரு அம்மா கேட்டார்: "எய்யா, உச்சி வெயில்ல யாருய்யா உப்பு வாருவா? கண்ணு அவிஞ்சுல்லா போவும். நாங்க விடியுமுன்னே எறங்கிருவோம்." இன்னொருவர் நடித்த பெண்ணின் கையைக் காட்டி, உப்பு வாரும் பலகையை இப்படிப் பிடித்தால் அரை மணி நேரத்தில் இடுப்பு போய்விடும் என்றார்.

மாணவர்கள் நடுப்பகலைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது. வெள்ளை உப்பு, நீல வானம், லைட் வாடகைக்கு எடுக்க வேண்டாம். ஆனால் பார்க்கிறவர்களில் அந்த வேலையை அறிந்தவர்களுக்கு முதல் ஷாட்டிலேயே பாட்டு பொய்யாகிவிட்டது. அந்தப் பகுதியை விடியற்காலையில் போய் மறுபடி எடுத்தார்கள். பலகை பிடிக்கும் விதத்தை அந்த அம்மாவே கற்றுக்கொடுத்தார். வெளிச்சம் போதாமல் படத்தில் புள்ளி புள்ளியாக நாய்ஸ் வந்தது, உண்மைதான். முன்பு எடுத்த அழகான ஷாட்டைவிட அந்த மங்கல் ஷாட் பல மடங்கு மேல் என்று அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்வேன்.

அதே பாட்டில் இன்னொரு பாடம், குரலையும் கருவிகளையும் அளவு பார்த்துக் கலக்கும் மிக்ஸிங்கில். ஹெட்போனில் கேட்டு மிக்ஸ் செய்திருந்தார்கள். அடியில் ஓடும் பேஸ் என்கிற கனத்த தாழ்ந்த ஒலி நெஞ்சில் இறங்கியது. பஸ் ஸ்டாண்டில் ஒரு டிரைவரிடம் செல்போனில் போட்டுக் காட்டினால், அவர் போனைக் காதருகே கொண்டுபோய், "வார்த்தை ஒண்ணும் புரியலயே தம்பி" என்கிறார். செல்போனின் சின்ன ஸ்பீக்கரில் பேஸ் ஏறக்குறைய காணாமல் போய்விடும். மிச்சமிருந்த தாளக் கருவிகள் குரலின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டன. பார்க்கிறவர்களில் பெரும்பாலோர் செல்போனில்தான் பார்க்கிறார்கள் என்று வகுப்பில் எத்தனை முறை சொன்னாலும் ஏறாதது, அந்த ஒரு முகச்சுளிப்பில் ஏறிவிட்டது.

கருத்துக் கேட்பதற்கும் பயிற்சி வேண்டும். "எப்படி இருக்கு?" என்று கேட்டால் நம் ஊரில் யாரும் முகத்துக்கு நேரே குறை சொல்ல மாட்டார்கள். "இதுல என்ன நடந்துச்சு, சொல்லுங்க" என்று கேட்க வேண்டும். அவர்கள் விட்டுவிட்டுச் சொல்லும் இடத்தில் நம் எடிட்டில் ஓட்டை இருக்கும். ஓடும்போது திரையைப் பார்க்காமல் பார்க்கிறவர் முகத்தைப் பார்க்க வேண்டும். யூடியூபில் ஏற்றிய பிறகு, எந்த நொடியில் எத்தனை சதவீதம் பேர் மிச்சமிருக்கிறார்கள் என்று காட்டும் கோடு ஒன்று, ஏற்றியவருக்கான 'யூடியூப் ஸ்டூடியோ' என்ற இணையப் பக்கத்தில் கிடைக்கும். ட்ரோன் ஷாட்டாகவே நீளும் தொடக்கத்தில் அந்தக் கோடு சரிவதை மாணவர்கள் தாங்களே பார்க்கட்டும்.

பார்த்தவர்கள் சொன்னதையெல்லாம் அப்படியே செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உப்பளப் பாட்டுக்கு ஒரு குத்து டான்ஸ் சேர்க்கச் சொன்னவர்களும் உண்டு. இயக்கிய மாணவி மறுத்துவிட்டாள். ஏன் மறுத்தேன் என்று எழுதியும் வைத்தாள். அந்த ஒரு பக்கத்துக்கே நான் மதிப்பெண் போடுவேன். நடித்த பெண்ணின் நிறத்தையும் உடம்பையும் பற்றி இணையத்தில் எழுதும் வக்கிரங்களை யாரும் கருத்து என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அவற்றை ஆசிரியர்கள் முதலில் பார்த்து நீக்க வேண்டும். அதைச் செய்யாமல் பாட்டைப் பொதுவில் விடுவது அந்தப் பெண்ணுக்கு நாம் செய்யும் துரோகம்.

இங்கிலாந்தில் நம் பிளஸ் டூ போன்ற ஏ லெவலில் மீடியா ஸ்டடீஸ் என்று ஒரு பாடம் உண்டு. அதற்கு ஓசிஆர் என்ற தேர்வு வாரியம் 2008-இல் கொண்டுவந்த பாடத்திட்டத்தில், பார்வையாளர் கருத்துக்கு இடம் இருந்தது. இரண்டாம் ஆண்டு மாணவர்கள் ஒரு ஆல்பத்துக்கான இசை வீடியோவையும், அதன் உறையையும் விளம்பரத்தையும் தயாரிக்கலாம். அந்த புராஜெக்டுக்கு மொத்தம் 100 மதிப்பெண். அதில் 20, முடித்த பிறகு எழுதும் சுயமதிப்பீட்டுக்கு. அதன் நான்கு கேள்விகளில் ஒன்று, பார்வையாளர்களின் கருத்திலிருந்து என்ன கற்றுக்கொண்டீர்கள் என்பது. 2017-இல் தொடங்கிய புதிய பாடத்திட்டத்தில் அந்தச் சுயமதிப்பீடு போய்விட்டது. எடுக்கும் முன்பே நோக்கத்தை எழுதித் தந்தால் போதும் என்றாகிவிட்டது. என் பார்வையில் அது பெரிய இழப்பு. பதினெட்டு வயதுப் பிள்ளைகளிடம் கேட்ட கேள்வியை, பட்டப்படிப்பு படிப்பவர்களிடம் நாம் கேட்கக் கூடாதா?

பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழுக்கள் இதைக் கவனிக்க வேண்டும். ரஃப் கட்டை, அதாவது இறுதி செய்யாத முதல் எடிட்டை, வகுப்புக்கு வெளியே உள்ளவர்களிடம் காட்டுவது கட்டாயமாகட்டும். எதை மாற்றினோம், எதை மாற்ற மறுத்தோம் என்று மாணவர்கள் எழுதித் தரட்டும். நூற்றுக்கு இருபதாவது அதற்கு ஒதுக்கட்டும். இதற்குத் தனிச் செலவு கிடையாது. வைவாவுக்கு இரண்டு வாரம் முன்பே எடிட்டை முடித்தால் போதும்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். மாணவர் பாடல்களை அறிமுகம் செய்யும்போது பார்வை எண்ணிக்கையோடு, எங்கே சலித்தது, எந்த வரி காதில் விழவில்லை, எந்த ஷாட் நம்பும்படி இல்லை என்பதையும் வாசகர்களிடம் கேட்டு வெளியிடுங்கள். எங்கள் மாணவர்கள் இந்த ஆண்டு எடுக்கும் பாட்டின் ரஃப் கட்டை முதலில் அனுப்பிவைக்கத் தயாராக இருக்கிறேன்.

அன்புடன்,
ஒரு விஸ்காம் ஆசிரியர்,
தூத்துக்குடி மாவட்டம்