'புரப்பன்-2-ஆல்' என்ற பெயரை வரிமுனையில் வெட்டாதீர்கள்

தமிழ்வழி மேல்நிலை வேதியியல் நூல்களைப் பதிப்பிப்போருக்கு,

வணக்கம். உங்கள் நூலின் மறுபதிப்பில், ஆல்கஹால் பாடத்தில் 'புரப்பன்-2-ஆல்' என்ற சேர்மத்தின் பெயர் இரண்டு வரிகளில் உடைந்திருக்கிறது. ஒரு வரி 'புரப்பன்-' என்று முடிகிறது. அடுத்த வரி '2-ஆல்' என்று தொடங்குகிறது. கணக்கில் '2-ஆல் வகு' என்று படித்த பிள்ளை இதை 'இரண்டால்' என்றுதான் வாசிக்கும். மூன்றாம் வேற்றுமை உருபுக்கும் ஆல்கஹால் பின்னொட்டுக்கும் தமிழில் ஒரே எழுத்துகள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

பழைய வழக்கில் '2-புரப்பனால்' என்று எண் முன்னால் நின்றது. சேர்மங்களுக்குப் பெயரிடும் விதிகளை வகுக்கும் பன்னாட்டு வேதியியல் அமைப்பான ஐயுபேக்கின் 1993 பரிந்துரை அதைப் பின்னொட்டுக்கு நேர் முன்னே நகர்த்தியது. அதனால் 'னா' என்று புணர்ந்திருந்த அசை பிரிந்துவிட்டது. வாசிக்க வேண்டிய முறை: புரப்-பன், இரண்டு, ஆல். எண்ணுக்கு இருபுறமும் சற்று நிறுத்த வேண்டும். இதைப் பாடத்தில் ஓரிடத்திலும் சொல்லவில்லை; வரியையும் அங்கேயே வெட்டினால் மாணவர் எண்ணை விழுங்கிவிடுகிறார். எண் போனால் சேர்மமே போயிற்று. புரப்பன்-1-ஆலை ஆக்சிஜனேற்றினால் புரப்பனேல், பிறகு புரப்பனாயிக் அமிலம். புரப்பன்-2-ஆல் தருவது அசிட்டோன்.

தயவுசெய்து பெயரை எண்ணருகே உடைக்காதீர்கள். சாதாரணச் சிறுகோட்டுக்குப் பின் வரியை மடிப்பது மென்பொருளின் இயல்பு. வேர்டில் கன்ட்ரோல், ஷிஃப்ட், சிறுகோட்டு விசை மூன்றையும் சேர்த்து அழுத்தினால் உடையாத சிறுகோடு விழும். யூனிகோடில் அதன் எண் 2011. சில தமிழ் எழுத்துருக்களில் அந்தக் குறி கிடையாது. கோடு வேறு நீளத்தில் தெரிந்தால் எழுத்துருவைப் பாருங்கள். 2-மெத்தில்புரப்பன்-2-ஆல் போன்ற நீளப் பெயரை 'மெத்தில்' முடியுமிடத்தில் பிரிக்கலாம்தான். ஆனால் அங்கே விழும் கோடும் பெயரின் கோடாகவே தெரியும். முழுப்பெயரையும் அடுத்த வரிக்குத் தள்ளி, அந்தப் பத்தியை இடப்பக்கம் மட்டும் சீராக்குவதே நல்லது.

மெய்யெழுத்து சொல்லுக்கு முதலில் வராது என்று தமிழ்த் தாளில் மதிப்பெண் வைத்துக் கேட்கிறோம். வேதியியல் நூலிலோ 'மெ-' என்று முடிந்த வரி 'த்தில்' என்று தொடங்குகிறது. தொல்காப்பியர் பத்தாம் வகுப்போடு விடைபெற்றுவிட்டார் போலும்! 

இப்போதைக்கு வேண்டுவது இதுதான்: அடுத்த அச்சுக்கு முன், எண்ணை ஒட்டிய ஒவ்வொரு சிறுகோட்டையும் கோப்பில் தேடி உடையாத சிறுகோடாக மாற்றுங்கள். பெயரிடும் பாடத்தில் வாசிப்பு முறையை ஒரு வரியில் சேருங்கள். பெயரை எண்ணருகே உடைக்காமல் அச்சிட்டுத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தமிழ்வழி வேதியியல் ஆசிரியர்கள்